'கன்சல்டன்ட்' என்று கையெழுத்துப் போடும் முன்…



"அடுத்த மாசத்துல இருந்து நீங்க எம்ப்ளாயி இல்ல, கன்சல்டன்ட். கைக்கு இன்னும் கூடுதலா வரும். பி.எஃப். பிடிக்க மாட்டோம். டேக்ஸும் மிச்சம்."

ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனியில் இருக்கும் டெஸ்டர், தனியார் மருத்துவமனை லேப் டெக்னீஷியன், கல்லூரி கெஸ்ட் லெக்சரர், விளம்பர ஏஜென்சி டிசைனர் என்று பல பேருக்கு இன்று இந்த வசனம் பழக்கம். அதே சீட், அதே கம்ப்யூட்டர், அதே மேனேஜர். மாறுவது அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் தலைப்பு மட்டும்தான்.

ஆனால் அந்தத் தலைப்பு மாறியதும் வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் வேறு ஆள். நேற்று வரை தொழிலாளி, இன்று முதல் 'தொழில் செய்பவர்'. இதன் விலை என்ன, அதை யார் கொடுக்கிறார்கள், கையெழுத்துப் போடும் முன் எதைக் கணக்குப் போட வேண்டும் என்று இந்தப் பதிவில் பார்ப்போம். கொஞ்சம் நீளம்தான். சேமித்து வைத்துப் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு விஷயம் முதலிலேயே. இங்கே சொல்லும் பிரிவு எண்கள், படிவ எண்கள் எல்லாம் 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறை. அதில் எண்கள் மாறும். அதற்குப் பிந்தைய வருமானத்துக்கு அப்போதைய எண்ணையும் விகிதத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

■ தலைப்பு மாறினால் என்ன மாறும்?

சம்பளக்காரராக இருக்கும்போது வரிக் கணக்கு முழுவதையும் கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் பிரிவு பார்த்துக்கொள்ளும். வருட வருமானம் எவ்வளவு வரும் என்று கணித்து, வரி உண்டென்றால் மட்டும் பிடிப்பார்கள். வரி இல்லையென்றால் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க மாட்டார்கள். வருடக் கடைசியில் படிவம் 16 கொடுப்பார்கள். அதை வைத்து ஐ.டி.ஆர்.-1 போட்டால் வேலை முடிந்தது. புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவும் தானாகக் கிடைக்கும்.

கன்சல்டன்ட் ஆனதும் இது எல்லாம் தலைகீழ். உங்களுக்கு வரி வருமா வராதா என்று கம்பெனி பார்க்காது. பில் தொகையில் பெரும்பாலும் 10 சதவீதத்தை 194ஜே பிரிவின் கீழ் பிடித்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கொடுக்கும். படிவம் 16 கிடையாது, படிவம் 16ஏ. ஐ.டி.ஆர்.-1 கிடையாது, ஐ.டி.ஆர்.-4 அல்லது ஐ.டி.ஆர்.-3. அந்த 75,000 ரூபாய் கழிவும் இல்லை, அது சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் மட்டும்தான். பி.எஃப்., கிராஜுவிட்டி, சம்பளத்தோடு லீவு, குரூப் மருத்துவக் காப்பீடு ஆகியவையும் போய்விடும்.

"அதான் கூடுதலா தர்றாங்களே?" என்று கேட்பீர்கள். தருகிறார்களா என்று பார்ப்போம்.

■ 75,000 பெரிதா, 85,000 பெரிதா?

உதாரணத்துக்கு ஒரு தம்பி. மாதச் சம்பளம் 75,000 ரூபாய். அதில் பேசிக் பாதி, 37,500. இப்போது கம்பெனி சொல்கிறது: "கன்சல்டன்ட்டா வாங்க, மாசம் 85,000." பத்தாயிரம் கூடுதல் என்று மனசு குதிக்கும்.

சம்பளக்காரராக அவர் கைக்கு வருவது: 75,000-இல் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 4,500 போகும். மாநகராட்சித் தொழில் வரி மாதக் கணக்கில் சுமார் 208 போகும். கைக்கு வருவது ஏறத்தாழ 70,300.

கன்சல்டன்ட்டாக: 85,000-இல் டி.டி.எஸ். 10 சதவீதம், 8,500. கைக்கு 76,500.

பார்த்தால் மாசம் 6,200 லாபம். இப்போது கம்பெனி பக்கம் திரும்பிப் பாருங்கள். அந்தத் தம்பியைத் தொழிலாளியாக வைத்திருக்க அவர்கள் எவ்வளவு செலவழித்தார்கள்? சம்பளம் 75,000. அவர்கள் கட்டும் பி.எஃப். பங்கு 4,500. கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது சுமார் 1,800. இதுவே 81,300. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் இதற்கு மேல்.

கன்சல்டன்ட் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் 'வேலை செய்த நாளுக்கு மட்டும் பணம்' என்று ஒரு வரி இருக்கும். காய்ச்சல், அக்கா கல்யாணம், தீபாவளி, பொங்கல் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 20 நாள் என்று வையுங்கள். 85,000 கணக்கில் 20 நாளுக்கு 56,667 ரூபாய் வெட்டு. மாதத்துக்கு 4,700. அப்படியானால் கம்பெனிக்கு ஆகும் உண்மையான செலவு மாதம் 80,300.

முன்பு 81,300. இப்போது 80,300. 'பத்தாயிரம் கூடுதல்' என்று சொல்லி உங்களைக் கூட்டிப்போன இடத்தில் கம்பெனிக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம். காப்பீட்டு பிரீமியம் தனி மிச்சம். உங்கள் பி.எஃப். கணக்கில் மாதாமாதம் இரண்டு பங்கும் சேர்ந்து விழுந்த 9,000 நின்றுவிட்டது. காப்பீடு, ஆடிட்டர் கட்டணம், லேப்டாப் எல்லாம் இனி உங்கள் பையிலிருந்து.

இந்தக் கணக்கை உங்கள் எண்களை வைத்து நீங்களே போடலாம். வழி சுலபம். கம்பெனியின் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி, காப்பீடு, லீவு நாள் சம்பளம் நான்கையும் இப்போதைய சம்பளத்தோடு கூட்டுங்கள். புது ஒப்பந்தத் தொகை அதைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால்தான் அது உயர்வு. இல்லையென்றால் உங்களுக்கு வந்தது சம்பளக் குறைப்பு, பேர் மட்டும் கௌரவமாக இருக்கிறது.

■ வரியே இல்லாதவரிடம் ஒரு லட்சம் பிடித்தம்

இப்போது வரி. அதே தம்பியின் வருடச் சம்பளம் 9 லட்சம். 75,000 கழித்தால் 8.25 லட்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் அவருக்கு வரி பூஜ்யம். கம்பெனியும் ஒரு பைசா பிடிக்காது.

கன்சல்டன்ட்டாக வருட வரவு 10.2 லட்சம். அதுவும் 12 லட்சத்துக்குள்தான், வரி பூஜ்யம்தான். ஆனாலும் வருடம் முழுக்க மாதம் 8,500 வீதம் 1,02,000 ரூபாய் வருமான வரித் துறைக்குப் போய்விடும். அடுத்த வருடம் ரிட்டர்ன் போட்டு, அது சரிபார்க்கப்பட்டு, அப்புறம்தான் ரீஃபண்ட். ஏப்ரலில் பிடித்த பணம் அடுத்த வருடம் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் திரும்பும். ரிட்டர்ன் போடாவிட்டால் வரவே வராது. "எனக்குத்தான் டேக்ஸ் இல்லையே, எதுக்கு ரிட்டர்ன்?" என்று சும்மா இருந்துவிட்டால் ஒரு லட்சம் போச்சு.

இன்னும் கீழே வாருங்கள். மாதம் 18,000 வாங்கும் ஒரு லேப் டெக்னீஷியன் தங்கை. வருடத்துக்கு 2.16 லட்சம். வரி வரம்பான 4 லட்சத்தின் பக்கத்தில்கூட வராதவர். அவரை 'புரொஃபஷனல்' என்று எழுதிவிட்டால் மாதம் 1,800 பிடித்தம். வருடம் 21,600. வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு 1,800 ரூபாய் என்றால் கேஸ், கரன்ட் பில், பால் செலவு.

அவர் இழப்பது இதோடு முடியவில்லை. தொழிலாளியாக இருந்தால் 21,000 ரூபாய் சம்பளம் வரை இ.எஸ்.ஐ. உண்டு. அவர் 0.75 சதவீதம் கட்டினால் நிர்வாகம் 3.25 சதவீதம் கட்ட வேண்டும். அவருக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்துக்கும் சிகிச்சை. பிரசவத்துக்கு 26 வாரம் ஊதியம். 'கன்சல்டன்ட்' என்ற ஒரு சொல்லில் அத்தனையும் போகிறது.

வங்கி டெபாசிட் வட்டிக்கு டி.டி.எஸ். வேண்டாம் என்றால் படிவம் 15ஜி கொடுத்து நிறுத்தலாம். 'எனக்கு வரி வராது' என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் உறுதிமொழி அது. உழைத்து வாங்கும் புரொஃபஷனல் கட்டணத்துக்கு அந்த வசதி கிடையாது! படிவம் 13 போட்டு, வருமான வரி அதிகாரியிடம் குறைந்த பிடித்தச் சான்றிதழ் வாங்க வேண்டும். 18,000 ரூபாய் சம்பளக்காரர் இதற்கு எந்த ஆடிட்டரிடம் போவார்?

வட்டியைப் பாருங்கள். நீங்கள் முன்கூட்டிய வரியைக் கட்டாமல் விட்டால் மாதம் 1 சதவீதம் வட்டி. உங்கள் பணம் அரசிடம் கிடந்தால் மாதம் அரை சதவீதம். அதுவும் நிதியாண்டு முடிந்த பிறகு, ஏப்ரல் 1 முதல்தான், நீங்கள் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால்தான். வருடத்துக்குள் கிடந்த மாதங்களுக்கு வட்டி ஏதும் இல்லை. கொடுக்கும்போது ஒரு படி, வாங்கும்போது வேறு படி.

■ 'டேக்ஸ் மிச்சம்' யாருக்கு?

கம்பெனிக்காரர்கள் பிடித்துக்கொள்ளும் வாதம் 44ஏடிஏ. மருத்துவம், சட்டம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம், தகவல் தொழில்நுட்பம், திரைப்படக் கலைஞர்கள் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு அது ஒரு எளிய வழி. வருட வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் வரம்பு 75 லட்சம். கணக்குப் புத்தகம் வேண்டாம், தணிக்கை வேண்டாம். கோடம்பாக்கத்து உதவி இயக்குநருக்கும் எடிட்டருக்கும்கூட இது பொருந்தும்.

நல்ல வசதிதான், மறுக்கவில்லை. சம்பளமாக 18 லட்சம் வாங்குபவர் புதிய முறையில் 1,50,800 ரூபாய் வரி கட்டுகிறார். அதே 18 லட்சம் 44ஏடிஏ வழியில் வந்தால் காட்டும் வருமானம் 9 லட்சம், வரி பூஜ்யம். இது பெரிய வித்தியாசம். நாலைந்து வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு, தன் நேரத்தைத் தானே முடிவு செய்து, நல்ல தொகை வாங்குபவருக்குச் சொந்தமாகத் தொழில் செய்வது நல்ல பாதை. அப்படிப் போகிறவர்களை வாழ்த்தி அனுப்புவோம்.

ஆனால் சம்பளம் 12.75 லட்சத்துக்குள் இருப்பவருக்கு? அவருக்கு 2025-26-இல் சம்பளமாக வாங்கினாலே வரி பூஜ்யம். பூஜ்யத்தில் எதை மிச்சம் பிடிப்பது? கன்சல்டன்ட் ஆவதால் அவருக்கு வரியில் ஒரு ரூபாய் லாபமும் இல்லை. இழப்பு மட்டும்தான். 'டேக்ஸ் மிச்சம்' என்று இவர்களிடம் சொல்லும் எச்.ஆர். ஒன்று பழைய கணக்கைச் சொல்கிறார், அல்லது தெரிந்தே சொல்கிறார்.

இன்னொன்று. எல்லாத் தொழிலும் அந்தப் பட்டியலில் இல்லை. கன்டென்ட் எழுதுபவர், சோஷியல் மீடியா பார்ப்பவர், ஆள் எடுத்துக் கொடுக்கும் ரெக்ரூட்டர் ஆகியோர் 'எனக்கும் 44ஏடிஏ' என்று தாமாக முடிவு செய்யக் கூடாது. ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பட்டியலில் இருப்பவரும் பாதிக்குக் குறைவாக லாபம் காட்டினால், வருமானம் வரி வரம்பைத் தாண்டும்போது கணக்குப் புத்தகமும் தணிக்கையும் கட்டாயம்.

■ ஏற்கெனவே மாறிவிட்டவர்களுக்கு

வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். பயம் வேண்டாம். கீழே உள்ளதை வரிசையாகச் செய்யுங்கள்.

1. தனி வங்கிக் கணக்கு. தொழில் வரவு எல்லாம் அதில் மட்டும் வரட்டும். ஒவ்வொரு மாதமும் வரிசை எண் போட்ட பில் கொடுங்கள். ஒப்பந்தத்தின் நகல் கையில் இருக்கட்டும்.

2. டி.டி.எஸ். விகிதம். தொழில்நுட்ப சேவைக்கு 2 சதவீதம், தொழில்முறை சேவைக்கு 10 சதவீதம். எதற்கு வம்பு என்று பல கம்பெனிகள் எல்லாருக்கும் பத்தே பிடித்துவிடும். உங்கள் வேலை எந்த வகை என்று ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். வருடத்துக்கு 50,000-க்குள் தரும் வாடிக்கையாளர் 194ஜே-இல் பிடிக்கத் தேவையில்லை. பான் எண் செயலிழந்து கிடந்தால் 20 சதவீதம் பிடிப்பார்கள். ஆதார் இணைப்பைச் சரிபாருங்கள்.

3. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 26ஏ.எஸ். பாருங்கள். வருமான வரி இணையதளத்தில் இலவசம். பிடித்த பணத்தைக் கம்பெனி கட்டியிருக்கிறதா என்று அதில் தெரியும். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால், அந்த வரியை மறுபடி உங்களிடம் கேட்கக் கூடாது என்று 205-வது பிரிவு சொல்கிறது. ஆனால் பிடித்ததற்கான சான்று, அதாவது பில்லும் வங்கி ஸ்டேட்மென்ட்டும், உங்களிடம் இருக்க வேண்டும்.

4. முன்கூட்டிய வரி. டி.டி.எஸ். போக வருட வரி பாக்கி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால் இது உண்டு. 44ஏடிஏ-காரருக்கு ஒரே தேதி, மார்ச் 15. மற்றவர்களுக்கு நான்கு தவணை: ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். அங்கிருந்து வரும் பணத்தில் டி.டி.எஸ். இருக்காது, முழுசாக வரும், செலவாகிவிடும். 30 லட்சம் வரவு, 44ஏடிஏ-இல் 15 லட்சம் வருமானம் என்றால் 1,09,200 ரூபாய் வரி. பணம் வரும்போதே ஒரு பங்கை எடுத்து ஓரமாக வையுங்கள்.

5. ஜி.எஸ்.டி. சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். மாதம் 85,000 வாங்குபவருக்குத் தேவையில்லை. பதிவு செய்தால் வரவே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், தாமதத்துக்கு நாள் கணக்கில் கட்டணம். பில்லில் வாங்கும் 18 சதவீதம் உங்கள் பணமில்லை, தொடாதீர்கள். ஏற்றுமதி வரவும் 20 லட்சக் கணக்கில் சேரும். ஆனால் உறுதிக் கடிதம் கொடுத்துவிட்டால் வரி கட்டாமலே ஏற்றுமதி செய்யலாம்.

6. தொழில் வரி. இதுவரை கம்பெனி பிடித்து மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ கட்டியது. இனி அரையாண்டுக்கு ஒருமுறை நீங்களே கட்ட வேண்டும். வருடத்துக்கு 2,500-க்கு மேல் போகக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவே வரம்பு வைத்திருக்கிறது.

7. நடுவில் மாறிய வருடம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சம்பளம், அக்டோபர் முதல் கட்டணம் என்றால் இரண்டையும் ஒரே ரிட்டர்னில் காட்ட வேண்டும். பழக்கத்தில் ஐ.டி.ஆர்.-1 போட்டு, கட்டணத்தை 'இதர வருமானம்' என்று எழுதாதீர்கள். 194ஜே பிடித்தம் துறையின் கணினியில் இருக்கும். பொருந்தவில்லை என்றால் நோட்டீஸ் வரும். பழைய வரி முறைக்குப் போவதென்றாலும் யோசித்துச் செய்யுங்கள். சம்பளக்காரர் வருடா வருடம் மாறிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போய்ப் புதிய முறைக்குத் திரும்பினால், அதோடு மறுபடி பழையதற்குப் போக முடியாது.

8. பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள். ஐந்து வருட சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரி உண்டு. தொகை 50,000 அல்லது அதற்கு மேல் என்றால் 10 சதவீதம் பிடித்துவிட்டுத்தான் தருவார்கள்.

9. உத்யம் பதிவு. இது பல பேருக்குத் தெரியாது. கட்டணம் இல்லை, சேவைத் தொழிலும் பதியலாம். பதிந்த குறு, சிறு தொழிலுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி. அதோடு 43பி(எச்) என்று ஒரு விதி உண்டு. கெடு தாண்டிய பாக்கியைக் கொடுத்து முடிக்கும் வரை, அதைச் செலவாகக் காட்டி வாடிக்கையாளர் தன் வரியைக் குறைக்க முடியாது. பில் போட்டு மூன்று மாதம் அலைய விடும் இடத்தில் இந்த இரண்டையும் மரியாதையாக ஒரு மெயிலில் எழுதிப் பாருங்கள்.

■ பேரை மாற்றினால் உண்மை மாறுமா?

பி.எஃப். சட்டம் 1952, இ.எஸ்.ஐ. சட்டம் 1948, கிராஜுவிட்டி சட்டம் 1972. இவற்றை யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. ஆலை வாசலில் வெயிலில் நின்றவர்கள், வேலை இழந்தவர்கள், சிறை போனவர்கள் கேட்டு வாங்கியவை. இன்று அதை ஒரு ஆபீஸ் பிரின்டரில் எடுத்த நாலு பக்க ஒப்பந்தம் அழித்துவிடுகிறது.

சட்டம் இதை அப்படியே ஏற்றுக்கொள்கிறதா? இல்லை. 1950-களிலேயே தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்தது. குஜராத் உப்பளங்களில் வேலை செய்த அகரியாக்களுக்கு எடைக் கணக்கில் கூலி. தங்களுக்கு உதவியாக அவர்களே ஆள் வைத்துக்கொள்வார்கள். "இவர்கள் ஒப்பந்தக்காரர்கள், தொழிலாளர்கள் இல்லை" என்றது நிறுவனம். வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதில் யாருக்குக் கட்டுப்பாடு இருக்கிறது என்று பார்த்த நீதிமன்றம், அவர்கள் தொழிலாளர்களே என்றது. 1973-இல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில், உருப்படிக்குக் கூலி வாங்கிய தையல்காரர்களும் ஊழியர்களே என்று தீர்ப்பானது.

உப்பளத்துக்கும் தையல் கடைக்கும் சொன்ன நியாயம் ஏ.சி. அறைக்கும் பொருந்தும். காலை ஒன்பதரைக்கு அட்டெண்டன்ஸ், லீவுக்கு மேனேஜரிடம் அனுமதி, வேறு இடத்தில் வேலை செய்யத் தடை, பணம் தருவது ஒரே கம்பெனி. இந்த நான்கும் உங்களுக்கு இருந்தால் ஒப்பந்தத்தின் தலைப்பு என்னவாக இருந்தாலும் கேள்வி கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. அட்டெண்டன்ஸ் பதிவு, மெயில், அடையாள அட்டை எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு அவைதான் சாட்சி.

■ நாம் கேட்பது என்ன?

வரி கட்டுவதை நாம் எதிர்க்கவில்லை. அரசுப் பள்ளியும், ஆரம்ப சுகாதார நிலையமும், டவுன் பஸ்ஸும் வரிப் பணத்தில்தான் ஓடுகின்றன. கட்ட வேண்டியவர் கட்டட்டும். கட்டத் தேவையே இல்லாதவரிடம் முன்கூட்டியே பிடித்து வைப்பதைத்தான் கேட்கிறோம்.

மத்திய அரசிடம் நம் கோரிக்கைகள்:

• வருட வருமானம் வரி இல்லாத வரம்புக்குள் இருப்பவர்கள், புரொஃபஷனல் கட்டணத்துக்கும் 15ஜி போல ஒரு உறுதிமொழி கொடுத்து டி.டி.எஸ்.-ஐ நிறுத்த வழி வேண்டும்.

• சிறு தொகை வாங்கும் தனிநபர்களுக்கு 10 சதவீதப் பிடித்தத்தை 2 சதவீதமாகக் குறைக்க வேண்டும். தொழில்நுட்பமா, தொழில்முறையா என்ற குழப்பம் அதோடு தீரும்.

• ரீஃபண்டுக்கும் பாக்கிக்கும் ஒரே வட்டி விகிதம் வேண்டும்.

• சம்பளத்திலிருந்து தொழிலுக்கு மாறும் முதல் வருடத்தில், தவணை தவறியதற்கான வட்டியைத் தள்ளுபடி செய்ய வேண்டும். தெரியாமல் தவறுபவரும் ஏமாற்றுபவரும் ஒன்றல்ல.

• ஒரே நிறுவனத்திடம், அதன் நேரத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டு வேலை செய்பவருக்கு, ஒப்பந்தத்தின் பேர் எதுவானாலும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டாயமாக வேண்டும். மாநிலத் தொழிலாளர் துறையும் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை ஆய்வு செய்ய வேண்டும்.

இதில் எதுவும் யாருக்கும் சலுகை இல்லை. உழைத்த காசு உழைத்தவர் கைக்கு உரிய நேரத்தில் வர வேண்டும் என்பதுதான்.

கோரிக்கை நிறைவேறும் வரை நாமும் சும்மா இருக்க வேண்டாம். நம் வட்டங்களிலும் கிளைகளிலும் பி.காம். படித்தவர்கள், சி.ஏ. படிப்பவர்கள், ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். ரிட்டர்ன் போடும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கட்சி அலுவலகத்தில் உட்காருங்கள். 26ஏ.எஸ். எடுத்துப் பார்க்கவும், ரீஃபண்டுக்கு ரிட்டர்ன் போடவும் நம் தெருப் பிள்ளைகளுக்கு உதவுங்கள். 21,600 ரூபாய் திரும்பி வந்த ஒரு வீட்டில் நம் இயக்கத்தைப் பற்றி நாம் தனியாகப் பேச வேண்டியிருக்காது.

உங்கள் கம்பெனியிலும் இப்படி ஒரு காகிதத்தை நீட்டினார்களா? கமென்ட்டில் எழுதுங்கள். கம்பெனி பேரும் உங்கள் சொந்த விவரமும் வேண்டாம், என்ன வேலை, என்ன சொன்னார்கள், எவ்வளவு பிடித்தார்கள் என்பது போதும். அவற்றைத் தொகுத்து நம் கோரிக்கையோடு சேர்ப்போம்.

நாளைக்கே கையெழுத்துப் போடப் போகும் தம்பி, தங்கைக்கு ஒரே ஒரு வார்த்தை. ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். அந்த நான்கு எண்களையும் கூட்டிப் பாருங்கள். அப்புறம் பேனாவை எடுங்கள்.

பகிருங்கள். உங்கள் நண்பர் ஒருவருக்கு இன்று இது தேவைப்படும்.

#உழைப்புக்கு_உரிய_மதிப்பு #நியாயமான_வரி